புதன்கிழமை சேர்த்த ரெண்டு சீட்டு

மஞ்சு: நீங்க உள்ள போங்கக்கா. செருப்பு, பை, பெரியம்மா எல்லாத்தியும் நான் பாத்துக்கறன். அதுக்குத்தான கூட்டியாந்தீங்க.

பிரியதர்ஷினி: ஆரம்பிச்சிட்டியா? டில்லியில விடியக்காலை நாலு மணிக்கு வேன் ஏறினதுலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கே. ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்கோம் மஞ்சு.

மஞ்சு: நீங்க சுத்திப் பாக்க வந்திருக்கீங்க. நான் வேலைக்கி வந்திருக்கன். வூட்ல செய்யறதத்தான் இங்கயும் செய்யறன். மலைக்கி வந்து செய்யறன், அவ்ளதான்.

பிரியதர்ஷினி: அத்தையை வேன்ல தனியா விட முடியுமா? நீயே சொல்லு. அவங்களால நாலு படி ஏற முடியாது.

மஞ்சு: அதான் நானும் கேக்குறன். நாலு படி ஏற முடியாதவங்கள எதுக்குக்கா குகை பாக்கக் கூட்டியாந்தீங்க?

பிரியதர்ஷினி: அவங்க ஆசைப்பட்டாங்க.

மஞ்சு: பெரியம்மாவா... ஆசப்பட்டாங்களா?

சிவகுமார்: மேடம், மேடம். மத்தவங்க எல்லாரும் உள்ள போயாச்சு. உங்க வீட்டுக்காரரும் பையனும்கூட போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கைடுன்னு நான் ஒரே ஆளு, வாசல்ல நின்னு உங்களக் கூப்பிடறதா, உள்ள போயி அவங்களுக்கு எக்ஸ்ப்ளைன் பண்றதா?

பிரியதர்ஷினி: வர்றேன் சிவகுமார். ரெண்டு நிமிஷம்.

சிவகுமார்: ரெண்டு நிமிஷம்னு சொல்லித்தான் வழியில சாய்க்கு நிறுத்தி முக்கால் மணி நேரம் போச்சு. இது சஹஸ்ரதாரா மேடம். முழுக்க சுண்ணாம்புக் கல்லு. மேலருந்து தண்ணி சொட்டிச் சொட்டிக் கல்லே கரைஞ்சு குகையாயிருக்கு. பாக்காம வாசல்ல நின்னு சண்டை போட்டுட்டுப் போனா, அப்பறம் குரூப்ல 'கைடு சரியில்ல'ன்னு போடுவீங்க. நாப்பது நிமிஷம். அதுக்கு மேல வண்டி நிக்காது. ஜல்தி.

பிரியதர்ஷினி: வர்றேன்னு சொன்னேன்ல. போங்க நீங்க. ...என்ன கோவக்காரனா இருக்கான். மஞ்சு, தண்ணி பாட்டில் அந்த நீலப் பையில இருக்கு. அத்தைக்கு மாத்திரை பத்து மணிக்கு.

மஞ்சு: தெரியும். அக்கா, ஒரு நிமிசம். உங்க போன கொஞ்சம் பாருங்க.

பிரியதர்ஷினி: எதுக்கு?

மஞ்சு: கேம்ப்பு ஆபீசுலேருந்து எதனா வந்திருக்குதான்னு.

பிரியதர்ஷினி: இப்பவா? சனிக்கிழமை காலையிலயா?

மஞ்சு: சனிக்கிழமையும்தான் கூப்புடறாங்க. பக்கத்து வூட்டு பவுனுக்குப் போன வாரம் வந்துச்சி, போயி பேர சரி பாத்துட்டு வந்துட்டா. ஒவ்வொருத்தருக்கா ஒரு நாள் குடுக்கறாங்க. அன்னிக்கி ஒரிஜினல் பேப்பர எடுத்துக்கிட்டு நேர்ல போயி நிக்கணும். மைக்கில பேரு கூப்புடறப்ப ஆளு இல்லன்னா, நாலு மணிக்கி மாத்து வூடு குடுக்கற லிஸ்ட்ல கோடு போட்டு அடிச்சிருவாங்க. எங்க சந்துல ரெண்டு பேருக்கு அடிச்சிட்டாங்க. அடுத்த மாசம் எங்க குடிசைங்க இருக்கற கேம்ப்ப இடிக்கறப்ப அதுங்க ரெண்டும் எங்க போவும்?

பிரியதர்ஷினி: தெரியும்டி. ஃபார்ம் ஃபில் பண்ணினதே நான்தானே.

மஞ்சு: நீங்கதான் பண்ணீங்க. 'உன் வீட்டுக்காரர் போன் எப்பப் பார்த்தாலும் ஆஃப்ல இருக்கும், நான் என் நம்பரைப் போடறேன், வந்தா உடனே சொல்றேன்'னீங்க. எங்கிட்ட போனும் இல்ல. அதான் கேக்குறன். வந்துச்சா?

பிரியதர்ஷினி: ...ஒண்ணும் வரலை.

மஞ்சு: பாக்காமயே சொல்றீங்க.

பிரியதர்ஷினி: வந்தா சத்தம் கேட்காதா? நான் உள்ள போறேன். அந்த ஆள் திரும்பக் கத்தப் போறான்.

*

சிவகுமார்: எல்லாரும் கேளுங்க. இப்ப தப்கேஷ்வர். குகைக்குள்ள சிவன். கூரையிலேருந்து சொட்டுச் சொட்டா லிங்கத்து மேல தண்ணி விழும், அதுதான் இங்க அபிஷேகம். கீழ இறங்க நிறையப் படி இருக்கு, முட்டி வலிக்காரங்க யோசிச்சுக்கோங்க. குரங்கு இருக்கு, கையில பிரசாதம் வச்சிட்டு வேடிக்கை பாக்காதீங்க. ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒரு மணின்னா ஒரு மணி.

பிரியதர்ஷினி: மஞ்சு, இந்தத் தடவை நீ போய்ட்டு வா. நான் அத்தைகூட இருக்கேன்.

மஞ்சு: எனக்கு வேணாம்.

பிரியதர்ஷினி: சாமிக்கும் கோவமா?

மஞ்சு: சாமிகிட்ட எனக்கு என்னா கோவம்? சாமி என்னா பண்ணிச்சி?

பிரியதர்ஷினி: அப்ப என்கிட்டதான் கோவம். நேரா சொல்லு. எட்டு மணி நேரமா குத்திக் குத்திப் பேசிட்டு வர்றே. அவர்கூடக் கேட்டார், மஞ்சுவுக்கு என்ன ஆச்சுன்னு.

மஞ்சு: சார் நல்லவரு. அவரு கேப்பாரு.

பிரியதர்ஷினி: நான் கெட்டவளா?

மஞ்சு: நான் அப்பிடிச் சொல்லலியே.

பிரியதர்ஷினி: சொல்ற மாதிரிதான் இருக்கு. உனக்கு நான் என்ன குறை வச்சேன்? உன் பொண்ணுக்குப் புசா ரோடு ஸ்கூல்ல சீட் வாங்க மூணு நாள் லீவ் போட்டுட்டு அலைஞ்சது யாரு? உன் வீட்டுக்காரர் காலை உடைச்சிட்டு வந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி முழுக்க உட்கார்ந்தது யாரு?

மஞ்சு: நீங்கதான். அத நான் மறந்தன்னு யாரு சொன்னது? அந்த ராத்திரிலேருந்துதான் உங்கள அக்கான்னு மனசாரக் கூப்புடறன். அதுக்கு மின்னாடி வாயால கூப்ட்டன்.

பிரியதர்ஷினி: அப்பறம் என்னதான் உன் பிரச்சினை?

மஞ்சு: ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறன். வியாழக்கிழம காலையில, மாவு அரைச்சிக்கிட்டு இருந்தவள கூப்ட்டு, 'சனிக்கிழம டூருக்கு நீயும் வர்றே, அத்தையும் வர்றாங்க'ன்னீங்க. அதுக்கு மின்ன பதினஞ்சு நாளா நீங்களும் சாரும் அஷ்வத்தும்தான் போறதாப் பேச்சு. நான் வூட்ல பெரியம்மாகூட இருக்கறதா இருந்துச்சி. திடீர்னு எப்பிடி மாறுச்சி?

பிரியதர்ஷினி: அதான் சொன்னேனே. அத்தை ஆசைப்பட்டாங்க.

மஞ்சு: பெரியம்மா தூங்கலக்கா. கண்ண மூடிக்கிட்டு இருக்காங்க, அவ்ளதான். எழுப்பிக் கேக்கட்டுமா?

பிரியதர்ஷினி: மெதுவாப் பேசு.

மஞ்சு: காலையில அவங்களே எங்கிட்ட சொல்லிட்டாங்க. 'நான் வரலன்னுதான் சொன்னேன், இவதான் கேட்கலை, வந்தே ஆகணும்னா, என் முட்டியைக் கழட்டிப் பையில போட்டுட்டு வரட்டுமான்னேன்'னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்பறம் எனக்குச் சிரிப்பு வரல.

சிவகுமார்: மேடம், சாரி, குறுக்க வர்றேன். சாப்பாட்டுக்கு ஹெட் கவுண்ட் குடுக்கணும். உங்க சைடுல மூணா, அஞ்சா?

பிரியதர்ஷினி: அஞ்சு. லிஸ்ட்ல இருக்குமே.

சிவகுமார்: லிஸ்ட்ல மூணுதான் மேடம் இருக்கு. நீங்க புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணி ரெண்டு சீட் கேட்டீங்க. எங்க சேட் லிஸ்ட்டை மாத்தவே இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வண்டி ஃபுல் ஆயிடுச்சுன்னு சொன்னப்ப, 'எப்படியாவது போடுங்க, ஸ்டூல் போட்டாலும் பரவாயில்ல'ன்னீங்க. முட்டி வலிக்காரம்மாவ எப்படி மேடம் ஸ்டூல்ல உக்கார வைக்கறதுன்னு கேட்டேன், உங்களுக்குக் கோவம் வந்துடுச்சு. கடைசியில என் சீட்டக் குடுத்துட்டு நான் டிரைவர் பக்கத்துல இஞ்சின் மேல உக்காந்து வர்றேன். முதுகு வெந்துபோச்சு.

பிரியதர்ஷினி: அதெல்லாம் இப்ப எதுக்கு?

சிவகுமார்: கவுண்ட்டுக்குத்தான் மேடம். அச்சா, அஞ்சு. கோவிலுக்குப் போறதுன்னா இப்பவே போங்க, இல்லன்னா வேன்லயே இருங்க. நடு வழியில நின்னு பேசாதீங்க, ஆளுங்க இடிக்கறாங்க.

மஞ்சு: ...புதன்கிழம ராத்திரியா?

பிரியதர்ஷினி: ஆமா. அதுக்கென்ன?

மஞ்சு: ஒண்ணுமில்ல. அக்கா, போன பாருங்களேன்.

பிரியதர்ஷினி: மறுபடியுமா?

மஞ்சு: மணி பன்னண்டுதான ஆவுது. எதனா வந்திருந்தா இப்பக்கூட ஒரு வழி இருக்குது. எங்க வூட்டுக்காரரு எங்க வேலை செய்யறாருன்னு உங்களுக்குத் தெரியும், சாருக்குத் தெரிஞ்ச கட்டட சைட்டுதான். யாருக்குனா ஒரு போன் போட்டா, அவரு பேப்பர எடுத்துக்கிட்டு ஓடுவாரு. ஆபீசுல விழுந்து பெறண்டாவது நிறுத்தி வெப்பாரு.

பிரியதர்ஷினி: வந்தா சொல்ல மாட்டேனா மஞ்சு? என்னை என்னன்னு நினைச்சே?

மஞ்சு: அதத்தான் நானும் யோசிச்சிக்கினு இருக்கன்.

*

சிவகுமார்: லால் டிப்பா. மசூரியிலயே இதுதான் உசரம். அதோ, அந்தப் பக்கம் வெள்ளையாத் தெரியறதெல்லாம் பனி மலை. டெலஸ்கோப்புல பாக்கறவங்க லைன்ல நில்லுங்க. மேகம் வந்தா என்னைத் திட்டாதீங்க, மேகத்துக்கு நான் கைடு இல்ல. மணி நாலேகால். அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தாத்தான் நடு ராத்திரிக்குள்ள டில்லி.

பிரியதர்ஷினி: இந்தா, டீ.

மஞ்சு: வேணாம் மேடம்.

பிரியதர்ஷினி: என்ன மேடம்ங்கறே?

மஞ்சு: வேற என்னான்னு கூப்புடறது? மணி நாலேகாலாச்சாம்.

பிரியதர்ஷினி: ...அதனால?

மஞ்சு: நாலு மணிக்கி ஆபீசு மூடிருப்பாங்க.

பிரியதர்ஷினி: எந்த ஆபீஸ்?

மஞ்சு: எந்த ஆபீசா? கண்ணப் பாத்து கேளுங்க. டீய கீழ வச்சிட்டு, என் கண்ணப் பாத்து எந்த ஆபீசுன்னு கேளுங்க.

பிரியதர்ஷினி: கத்தாத. ஜனங்க பார்க்கறாங்க.

மஞ்சு: பாக்கட்டும். யாருக்கு இங்க தமிழ் தெரியும்? நம்ம வேன்ல வந்தவங்களுக்குத் தெரியும், அவங்களும் பாக்கட்டும். காலையிலேருந்து எத்தினி தடவ கேட்டன்? குகைகிட்ட கேட்டன். கோவில்கிட்ட கேட்டன். சோத்துல கைய வெச்சிக்கிட்டும் கேட்டன், நீங்க அஷ்வத்துக்குத் தயிரு போடறாப்ல திரும்பிக்கிட்டீங்க.

பிரியதர்ஷினி: மஞ்சு...

மஞ்சு: கடசியாக் கேக்குறன். வந்துச்சா, வரலியா?

பிரியதர்ஷினி: வந்தது.

மஞ்சு: எப்ப?

பிரியதர்ஷினி: புதன்கிழமை. மத்தியானம். ஆபீஸ்ல இருந்தேன்.

மஞ்சு: என்னான்னு வந்துச்சி?

பிரியதர்ஷினி: இன்னைக்குத் தேதி போட்டு... பத்துலேருந்து நாலு வரைக்கும்... நேர்ல வரணும்னு.

மஞ்சு: வரலன்னா?

பிரியதர்ஷினி: அதான் நீயே சொன்னியே.

மஞ்சு: நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.

பிரியதர்ஷினி: பேரை எடுத்துடுவாங்க.

மஞ்சு: அதப் படிச்சிட்டு, அன்னிக்கி ராத்திரியே போனப் போட்டு ரெண்டு சீட்டு சேத்தீங்க. எதுக்கு சேத்தீங்கன்னும் நான் சொல்லட்டுமா? நான் டில்லில உங்க வூட்ல இருந்தன்னா, மைக்குல என் பேர கேட்டதும் பவுனு ஓடியாந்திருப்பா. சந்துல இருக்கற நாலு பொம்பளைங்க ஓடியாந்து கதவத் தட்டியிருப்பாங்க. அவங்க ஓடியாற முடியாத எடத்துல என்னக் கொண்டாந்து வெக்கணும். அதுக்கு அந்தக் கெழவிய முட்டியோட மலைக்கி ஏத்துனீங்க.

பிரியதர்ஷினி: நான் ஒண்ணும் திட்டம் போட்டு...

மஞ்சு: அப்ப எதுக்கு? ஸ்டூலு போட்டாலும் பரவால்லன்னு எதுக்குக் கெஞ்சுனீங்க?

பிரியதர்ஷினி: நரேலா. உனக்கு வீடு குடுக்கறது நரேலாவில. நாப்பது கிலோமீட்டர். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அங்க போனா நீ என் வீட்டுக்கு வருவியா? சொல்லு. காலைல ஆறரைக்கு வந்து அத்தையை எழுப்பி, குளிப்பாட்டி, பாத்ரூம் கூட்டிட்டுப் போவியா?

மஞ்சு: அதுக்கு?

பிரியதர்ஷினி: அதுக்குத்தான். எத்தனை பேரை வச்சுப் பார்த்தேன் உனக்கு முன்னாடி, ஒருத்தி கையிலயும் அவங்க சாப்பிட மாட்டாங்க. அவர் டூர் டூர்னு மாசத்துல இருபது நாள் வெளியூர். நீ போயிட்டா நான் வேலையை விடணும் மஞ்சு. பதினாறு வருஷ சர்வீஸ். அடுத்த வருஷம் புரமோஷன். எல்லாரும் என்கிட்டதானே சொல்வாங்க, 'நீ விட்டுடு, உன் மாமியார்தானே'ன்னு. அவர்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்க அம்மாதானேன்னு.

மஞ்சு: உங்க வேல போவக் கூடாதுன்னு என் வூட்ட போவ விட்டீங்க.

பிரியதர்ஷினி: ரெண்டு நாள் யோசிச்சேன். சொல்லணும், சொல்லணும்னு நேத்துக்கூட... நீ பாத்திரம் கழுவிட்டிருந்தே, பின்னாடியே வந்து நின்னேன்.

மஞ்சு: நின்னீங்க. நான் திரும்பிக்கூடப் பாத்தன். டிக்காஷன் இருக்குதான்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க.

பிரியதர்ஷினி: பயமா இருந்தது.

மஞ்சு: உங்களுக்கா? பதினொரு வருசமா அந்த நாலாச் சாக்கட நாத்தத்துல ரெண்டு புள்ளைங்கள வளக்கறன். மழ பேஞ்சா கட்டிலு மேல அடுப்ப ஏத்தறன். பெரியவ வயசுக்கு வந்துட்டா, குளிக்க ஒரு கதவு இல்ல, பொடவையக் கட்டித் தொங்க விட்டுட்டு நான் வெளியில காவலு நிக்கறன். நாப்பது கிலோமீட்டரோ, நானூறு கிலோமீட்டரோ, கதவு வெச்ச ஒரு வூடு. அதுல எம் பேரு. அதக் கோடு போட்டு அடிக்க வுட்டுட்டு, பயமா இருந்துச்சாம்.

பிரியதர்ஷினி: திட்டு. நல்லாத் திட்டு.

மஞ்சு: திட்டறதுக்கு இப்ப அனுமதி குடுக்கறீங்களா?

சிவகுமார்: மேடம், மன்னிச்சுக்கோங்க. உங்க பையன் டெலஸ்கோப்பை விடவே மாட்டேங்கறான், பின்னாடி இருக்கற லைன்ல ஆளுங்க என்னைத் திட்டறாங்க. உங்க ஹஸ்பண்ட் போன்ல இருக்காரு. கொஞ்சம் வந்து...

பிரியதர்ஷினி: போங்க சிவகுமார். தயவு செஞ்சு போங்க.

சிவகுமார்: எல்லாரும் என்னையே போங்கங்கறாங்க. கைடுன்னா மனுஷன் இல்லியா? டிரிப்புன்னு வந்துட்டு மலையைப் பாக்காம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கறீங்க. அஞ்சு மணிக்கு வண்டி எடுப்பேன். வந்தா வாங்க.

பிரியதர்ஷினி: ...மஞ்சு. இங்க பாரு. திங்கட்கிழமை நான் லீவ் போடறேன். உன்கூட நானே அந்த ஆபீசுக்கு வர்றேன். மெசேஜைக் காட்டி, இது என் போனுக்குத்தான் வந்தது, நான்தான் மறைச்சேன், இவளுக்குத் தெரியவே தெரியாதுன்னு எழுதிக் குடுக்கறேன்.

மஞ்சு: எழுதிக் குடுப்பீங்களா?

பிரியதர்ஷினி: குடுக்கறேன். அவர்கிட்டயும் சொல்றேன், அத்தைகிட்டயும் சொல்றேன். என் வேலை போனாப் போகட்டும். அந்த ஆபீசர் கால்ல விழணும்னாலும் விழறேன். உன் பேரைத் திரும்பச் சேர்க்காம அங்கேயிருந்து நகர மாட்டேன். போதுமா? எதுக்கு இப்படிப் பார்க்கறே? அழறதா இருந்தா அழு மஞ்சு.

மஞ்சு: யாரு கால்லயும் விழ வேணாங்க்கா. எம் பேர யாரும் அடிக்கல. புதன்கிழம சாயங்காலமே அஷ்வத்து உங்க போன்ல கேம் ஆடிக்கிட்டு இருந்தப்ப, 'ஆன்ட்டி, உங்க பேரு வந்திருக்கு'ன்னு இந்தில இருந்ததப் பூராப் படிச்சிக் காட்டிட்டான். நேத்து உங்க வூட்டுப் பாத்திரத்தக் கவுத்து வெச்சிட்டு நேரா அந்த ஆபீசுக்குத்தான் போனன். நாளைக்கி ஊர்ல இருக்கமாட்டன் சாருன்னு அழுது, ஒரிஜினலக் காட்டி, நேத்தே கைநாட்டு வெச்சி சீட்டு வாங்கிட்டன். 'அதான் வேல முடிஞ்சிச்சே, அப்பறம் எதுக்கு அவங்ககூட மலைக்கிப் போற? அவங்க கடசி வரைக்கும் சொல்லமாட்டாங்கடி'ன்னாரு எங்க வூட்டுக்காரரு. எங்க அக்காவப் பத்தி உனக்கு என்னாய்யா தெரியும், போற வழியிலயே சொல்லிருவாங்க பாருன்னு அவருகிட்ட சண்ட போட்டுட்டு வண்டி ஏறுனன். இப்ப வூட்டுக்குப் போனா மொதல்ல அதத்தான் கேப்பாரு... அவருக்கு நான் என்னாக்கா பதிலு சொல்லுவன்?